வங்கியிலிருந்து என்று +65 எண்ணில் அழைப்பு வந்தால் நம்பலாமா?

அம்மாவுக்கு வந்த எண் சிங்கப்பூரின் +65 என்று இருந்ததால் உள்ளூர் வங்கிதானே என்று கேட்கிறீர்கள். அந்தக் கூட்டல் குறியைப் பார்த்தாலே உஷாராகிவிட வேண்டும். சிங்கப்பூருக்குள்ளிருந்து வரும் அழைப்பில் அது இருக்காது. 2020 முதல் வெளிநாட்டு அழைப்புகளுக்குத்தான் அது சேர்க்கப்படுகிறது.

“உங்கள் கார்டில் யாரோ நகை வாங்கியிருக்கிறார்கள், போனை வைக்காதீர்கள், ஓடிபி சொல்லுங்கள்” என்று மோசடிக்காரர்கள் பதற வைப்பார்கள். அடையாள அட்டை எண்ணைச் சரியாகச் சொன்னாலும் நம்ப வேண்டாம். வங்கி ஊழியர் ஓடிபி கேட்கவே மாட்டார். பேச்சே கொடுக்காமல் வைத்துவிட்டு, கார்டின் பின்புறமுள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்.

அம்மா ஏற்கெனவே ஓடிபியைச் சொல்லிவிட்டாரா? தயவுசெய்து அவரைத் திட்டாதீர்கள். உடனே வங்கியின் ‘கில் சுவிட்ச்’ வசதியால் கணக்கை முடக்குங்கள், அப்புறம் போலீசில் புகார் கொடுங்கள். சந்தேகம் வந்தால் மோசடி தடுப்பு உதவி எண் 1799 இருக்கிறது, நடுராத்திரியிலும் கூப்பிடலாம்.