மெதுவாக நகரும் படம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கசுவோ இஷிகுரோவின் ‘தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே’ நாவலைக் கீழே வைக்க மனமில்லாமல் வாசித்தேன். படம் பொறுமையைச் சோதித்துவிட்டது. பட்லர் (பிரபு வீட்டின் தலைமைப் பணியாளர்) தட்டை ஏந்தி நடக்கிறார், கதவைத் திறக்கிறார், மூடுகிறார். அரைமணி நேரத்தையாவது வெட்டியிருக்கலாம். இலக்கியப் படம் என்றாலே மெதுவாகத்தான் இருக்க வேண்டுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. ஆனால் இந்தப் படத்தில் அரைமணி நேரத்தை வெட்டினால் ஸ்டீவன்ஸ் என்ற அந்த பட்லரே காணாமல் போய்விடுவார்.

நாவல் முழுக்க அவர் குரல்தான். அது எதையும் நேராகச் சொல்லாது. மாடியில் தந்தை இறந்துகொண்டிருக்க, கீழே விருந்தினர்களுக்கு மது பரிமாறுகிறார். தான் அழுததாக ஒரு வார்த்தை சொல்வதில்லை. அவருடைய எஜமானர் டார்லிங்டன் பிரபு “அழுகிறாயா என்ன?” என்கிற மாதிரி கேட்கும்போதுதான் நமக்கே தெரியவருகிறது. அவர் மறைப்பதை ஊகித்துக்கொண்டே போனதால்தான் உங்களுக்கு நாவல் விறுவிறுப்பாக இருந்திருக்கிறது.

அந்தக் குரல் படத்தில் இல்லை. ரூத் பிரவர் ஜாப்வாலாவின் திரைக்கதையில் ஜேம்ஸ் ஐவரி 1993-ல் இயக்கியபோது, அதற்கு ஈடாக நேரத்தைக் கொடுத்தார். புத்தகக் காட்சியை மறுபடி பாருங்கள். அரையிருட்டான அறை. என்ன படிக்கிறீர்கள் என்று அந்த மாளிகையின் வீட்டு நிர்வாகி மிஸ் கென்டன் நெருங்கி வருகிறார். ஸ்டீவன்ஸ் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஒதுங்குகிறார். மிஸ் கென்டனாக நடிக்கும் எம்மா தாம்சன் அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்குகிறார். அவ்வளவு நேரமும் ஸ்டீவன்ஸாக நடிக்கும் ஆன்டனி ஹாப்கின்ஸ் அவர் முகத்தையே பார்த்தபடி நிற்கிறார். உள்ளே இருப்பது ஒரு சாதாரணக் காதல் கதை. ஆங்கிலத்தை வளர்த்துக்கொள்ளப் படிப்பதாகச் சொல்லி, ஸ்டீவன்ஸ் அவரை வெளியே அனுப்பிவிடுகிறார்.

இதைச் சில நொடிகளில் முடித்தால் ‘இவருக்குள் காதல் இருக்கிறது’ என்ற தகவல் மட்டுமே கிடைக்கும். இந்த மனிதர் வாயைத் திறக்கமாட்டாரா என்று நாம் தவிக்கவேண்டாமா?

என் மனக்குறை வேறு. நாவலின் முடிவில், இங்கிலாந்தின் வேமத் கடற்கரையில் முன்பின் தெரியாத ஒருவரிடம் ஸ்டீவன்ஸ் உடைந்துபோய்ப் பேசுவார். பிரபுவாவது தன் தவறுகளைத் தானே தேர்ந்தெடுத்துச் செய்தார், எனக்கு அதுகூட இல்லை என்பார். படத்தில் அந்த ஆளே கிடையாது. மழையில் மிஸ் கென்டன் ஏறிய பேருந்து கிளம்ப, அவரும் ஸ்டீவன்ஸும் பிடித்த கைகள் விடுபடுகின்றன. கைகூடாத காதல்தான் மேலோங்கி நிற்கிறது. நாஜிகளோடு சமரசம் தேடிய அந்தப் பிரபுவுக்கு ஆயுளைத் தாரைவார்த்துவிட்டோமே என்ற துக்கம் பின்னுக்குப் போய்விடுகிறது. அதற்காகப் படம் இன்னும் பத்து நிமிடம் நீண்டிருக்கலாம் என்பேன்.