ஹைட்ரஜன் கிட் மாட்டினால் டீசல் மிச்சமாகுமா?

கேள்வி: பட்டறையில் 10 கேவிஏ டீசல் ஜெனரேட்டர் வைத்திருக்கிறேன். தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனை எஞ்சினுக்குள் அனுப்பும் கிட் பொருத்தினால் 30 சதவீதம் டீசல் மிச்சம் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். கணக்குப் போட்டாலே விஷயம் தெரிந்துவிடும்.

இந்தக் கிட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 1 லிட்டர் வாயு தருபவை. அதில் மூன்றில் இரண்டு பங்குதான் ஹைட்ரஜன், மீதி ஆக்ஸிஜன். அந்த ஹைட்ரஜன் எரிந்தால் கிடைப்பது சுமார் 120 வாட். உங்கள் ஜெனரேட்டர் முழு லோடில் மணிக்கு இரண்டரை லிட்டர் டீசல் குடிக்கும். அந்த டீசல் எரிந்தால் கிடைப்பது சுமார் 25,000 வாட். ஹைட்ரஜனின் பங்கு அரை சதவீதம்கூட வராது. அந்த வாயுவை உண்டாக்க ஏறக்குறைய 200 வாட் மின்சாரம் வேண்டும். அதுவும் இதே எஞ்சினிலிருந்துதான் வர வேண்டும். டீசலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகும் என்பதால், அதற்கு 600 வாட்டுக்கு மேல் டீசல் எரியும். 600 கொடுத்து 120 வாங்குகிறோம்.

“ஹைட்ரஜன் சேர்ந்தால் டீசல் முழுசாக எரியும்” என்பார்கள். நல்ல நிலையில் உள்ள டீசல் எஞ்சினில் 98 சதவீதத்துக்கு மேல் ஏற்கெனவே எரிந்துவிடுகிறது. 30 சதவீதம் எங்கிருந்து வரும்?

நாசா ஆய்வையும் காட்டுவார்கள். 1977-இல் வெளியான அந்த ஆய்வு உண்மையானது. ஆனால் அது பெட்ரோல் எஞ்சினில் நடந்தது. ஹைட்ரஜன் வந்தது சிலிண்டரிலிருந்தும், மெத்தனால் என்ற எரிபொருளிலிருந்தும். ஹைட்ரஜன் கலந்தால் பெட்ரோலை மிகக் குறைத்து, காற்றைக் கூட்டியும் எஞ்சினை ஓட்ட முடியும், பலன் அதில்தான். டீசல் எஞ்சின் இயல்பிலேயே அதிகக் காற்றில் ஓடுவது.

அப்படியானால் சிலருக்கு மிச்சமானது எப்படி? கிட் மாட்டும்போதே ஏர் ஃபில்டரை மாற்றி, இன்ஜெக்டரையும் சுத்தம் செய்திருப்பார்கள். காரில் என்றால் ஆக்ஸிஜன் சென்சார் சிக்னலை மாற்றும் சின்னப் பெட்டி ஒன்றும் சேர்ந்து வரும். பெட்ரோலைக் குறைப்பது அதுதான்.

விற்பவர் செய்து காட்டினால், கிட்டுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். தனி பேட்டரி என்றால் அந்தச் சோதனை செல்லாது. ஒரே ஹீட்டர் லோடு வைத்து, கிட்டுடன் ஒரு மணி நேரம், இல்லாமல் ஒரு மணி நேரம் ஓட்டி, டீசலை எடை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆபத்தும் உண்டு. வெளியே வருவது சரியான விகிதத்தில் கலந்த வெடிவாயு. ஒரு தீப்பொறி பின்னோக்கி வந்தால், தண்ணீரைப் பிரிக்கும் கலம் வெடிக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

வெளியிலிருந்து சிலிண்டரில் ஹைட்ரஜன் வாங்கி டீசலோடு எரிப்பது வேறு கதை. அது நடக்கும், டீசல் குறையும். ஆனால் ஹைட்ரஜனுக்கும் காசு கொடுக்க வேண்டும்.

உங்களுக்கு டீசல் நிஜமாகவே மிச்சமாக வேண்டுமானால் லோடைக் கவனியுங்கள். கால்வாசி லோடில் ஓடும் ஜெனரேட்டர் ஒரு யூனிட்டுக்கு அதிக டீசல் குடிக்கும், புகைக்குழாயில் எண்ணெய்க் கசடும் சேரும். இயந்திரங்களை ஒன்றுசேர்த்து 70–80 சதவீத லோடில் குறைந்த நேரம் ஓட்டுங்கள். அது முடியவில்லை என்றால் இன்னும் சின்ன ஜெனரேட்டருக்கு மாறுங்கள்.