'கபால்' என்றால் ஓர் ஆளா, கூட்டமா?

ஒரே ஆளைச் சதிகாரர் என்று சொல்ல ஆங்கிலத்தில் 'ஹீ இஸ் எ கபால்' (He is a cabal) என்று எழுதலாமா என்று கேட்டீர்கள். அது தவறு. கபால் என்பது ஆளைக் குறிக்காது. அதிகாரத்தைக் கைப்பற்ற ரகசியமாகத் திட்டம் போடும் சிறு கூட்டத்தைத்தான் குறிக்கும். தனி ஆள் என்றால் 'கான்ஸ்பிரேட்டர்'. கூட்டம் என்றால் 'எ கபால் ஆஃப் ஜெனரல்ஸ்'.

அகராதியில் 'சதிகாரர்கள்' என்று பார்த்துவிட்டு ஒருமைக்கும் அதையே போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் வாக்கியத்தில் 'கபால்' வரும் இடத்தில் 'சதிக் கும்பல்' என்று வைத்துப் படித்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் சொல்லை மாற்றுங்கள்.

இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸின் ஐந்து அமைச்சர்களான கிளிஃபோர்ட், ஆர்லிங்டன், பக்கிங்ஹாம், ஆஷ்லி, லாடர்டேல் ஆகியோரின் ஆங்கில முதலெழுத்துகளில் (C-A-B-A-L) பிறந்த சொல் இது என்பார்கள். எழுத்துகள் பொருந்துவது உண்மை. ஆனால் சொல் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. மூலம் ஹீப்ருவின் 'கபாலா' (யூதர்களின் மறைஞான மரபு).

இது பழிச்சொல், கவனம். ஆதாரமில்லாமல் ஒரு குழுவுக்குச் சூட்டினால் அது நேரடிக் குற்றச்சாட்டு.