எக்ஸெலை வெளியிலிருந்து ஓட்டுகிறவர்களுக்கு: கேள்வி பதில்

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. படகுகள் கரையில் நிற்கும் அந்த 61 நாளில்தான் கம்பெனிக் கணக்கர்களுக்கு மேக்ரோ (எக்ஸெல் வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) எழுத நேரம் கிடைக்கிறது போலிருக்கிறது. வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: நம் நிரல், எக்ஸெலையும் வேர்டையும் வேலை வாங்குவது எப்படி?

அண்ணே, மண்டபத்தில் இறால் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். பைதான் நிரல் ஒன்று எடைச் சீட்டுகளை எக்ஸெலில் ஏற்றுகிறது. சாயங்காலம் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 14 எக்ஸெல் ஓடுகிறது. திரையில் ஒன்றுகூட இல்லை!

நிரல் வழியாகத் திறக்கும் எக்ஸெல், 'விசிபிள்' என்று நீங்கள் சொல்லாதவரை முகம் காட்டாது. நிரல் பாதியில் பிழை அடித்து நின்றால் எக்ஸெலை மூடும் 'குவிட்' வரி ஓடாமலே போய்விடும். அல்லது குவிட் ஓடியிருக்கும், ஆனால் எக்ஸெல் "சேமிக்கவா?" என்று ஒரு பெட்டியைப் போட்டுக்கொண்டு காத்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத பெட்டியில் யார் பட்டனை அழுத்துவது? அப்படி ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தங்கினால் வாரக் கடைசியில் 14 வரத்தானே செய்யும்.

வேலை முழுவதையும் 'ட்ரை'க்குள் வையுங்கள். பிழை வந்தாலும் வராவிட்டாலும் ஓடும் 'ஃபைனலி'யில் முதலில் புத்தகத்தைச் சேமிக்காமல் மூடச் சொல்லுங்கள் (சேமிப்பதை அதற்கு முன்பே செய்திருக்க வேண்டும்), பிறகு குவிட், அதற்கப்புறம் எக்ஸெலைப் பிடித்திருக்கும் மாறிகள் (வேரியபிள்) எல்லாவற்றையும் 'நன்', அதாவது காலி, ஆக்குங்கள். ஒரு மாறி விடாமல் பிடித்திருந்தாலும் எக்ஸெல் போகாது. சி ஷார்ப்பில் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். 'எக்ஸெல்.ஒர்க்புக்ஸ்.ஓப்பன்' என்று ஒரே வரியில் எழுதினால் நடுவில் வரும் 'ஒர்க்புக்ஸ்' பெயரில்லாத ஒரு பிடியாக நின்றுவிடும்.

இன்னொன்று, இது நானே பட்டது. பைதானில் எக்ஸெலைக் கூப்பிட வெறும் 'டிஸ்பாட்ச்' என்று கேட்டால், ஏற்கெனவே எக்ஸெல் திறந்திருந்தால் அதையே பிடித்துக்கொடுக்கும். ஒரு ஐஸ் பிளாண்டில் என் நிரல் முதலாளி திறந்து வைத்திருந்த எக்ஸெலில் போய் ஒட்டிக்கொண்டது. எச்சரிக்கைப் பெட்டிகளைக் காட்டும் 'டிஸ்ப்ளே அலர்ட்ஸ்' வேண்டாம் என்றும் போட்டிருந்தேன். குவிட் வந்ததும், காலையிலிருந்து அவர் தட்டிய ஐஸ் கட்டிக் கணக்கு ஒரு வார்த்தை கேட்காமல் போனது. அன்று அங்கே எனக்கு டீ கிடைக்கவில்லை. அதிலிருந்து 'டிஸ்பாட்ச் இஎக்ஸ்'தான். அது எப்போதும் தனியாக ஒரு எக்ஸெலைத் திறக்கும். எக்ஸெலோடு வரும் நிரல் மொழியான விபிஏ-வில் 'கிரியேட் ஆப்ஜெக்ட்' புதிதாகத் திறக்கும், 'கெட் ஆப்ஜெக்ட்' ஓடுகிறதைப் பிடிக்கும்.

உங்கள் வேலைக்கு எக்ஸெலே தேவையா என்றும் ஒருமுறை யோசியுங்கள். வரிசைகளை எழுதி ஃபைலாகச் சேமிப்பது மட்டும்தான் என்றால் 'ஓப்பன்பைஎக்ஸெல்' என்ற பைதான் நூலகம் போதும். எக்ஸெல் இல்லாத கம்ப்யூட்டரிலும் ஓடும். சூத்திரத்தைக் கணக்கிடவோ பிரிண்ட் எடுக்கவோ அதற்குத் தெரியாது. அந்த வேலைக்குத்தான் எக்ஸெலைக் கூப்பிட வேண்டும்.

பாம்பனில் கருவாட்டு மொத்த வியாபாரம். விபிஏ-வில் "மீன்" என்று எழுதினால் கேள்விக்குறியாக விழுகிறது. வின்டோஸ் மொழியைத் தமிழுக்கு மாற்றிப் பார்த்துவிட்டேன்.

மாற்றிப் பயனில்லை. விபிஏ எடிட்டர் யூனிகோடுக்கு (எல்லா மொழி எழுத்துக்கும் ஒரே எண் பட்டியல்) முந்தைய பழக்கத்தில் நிற்கிறது. ஒவ்வொரு மொழிக்கும் இருந்த பழைய எழுத்துப் பட்டியலை வைத்துத்தான் அது எழுத்தைச் சேமிக்கும். தமிழுக்கு வின்டோஸில் அப்படிப் பட்டியலே கிடையாது, நேராக யூனிகோடில்தான் வந்தது.

சுலபமான வழி, சொற்களை 'சொல்' என்று ஒரு தாளில் வரிசையாக எழுதி வையுங்கள். நிரல் அந்தக் கட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். நெத்திலி, சாளை, கணவாய் எதுவானாலும் தாளில் பிழையில்லாமல் நிற்கும். பிடிவாதமாக நிரலுக்குள்ளேயே வேண்டும் என்றால் எண்ணை எழுத்தாக்கும் 'சிஎச்ஆர்டபிள்யூ' உண்டு. 2990, 3008, 2985, 3021 என்ற நான்கு எண்களை அதில் ஒவ்வொன்றாகக் கொடுத்து ஒட்டினால் "மீன்" வந்துவிடும். ஒரு சொல்லுக்குச் சரி, விலைப்பட்டியல் முழுக்க அப்படி எழுத யாரால் முடியும்? 'மெசேஜ் பாக்ஸ்' மட்டும் இப்படி வந்த எழுத்தையும் கேள்விக்குறியாகத்தான் காட்டும்.

காக்கா, கீழக்கரையில் டிராவல்ஸ் வைத்திருக்கிறேன். புதுக் கம்ப்யூட்டரில் 429 பிழை.

நீங்கள் கேட்கும் பெயரில் இங்கே யாரும் பதிவாகியிருக்கவில்லை என்பதுதான் அந்த எண். புதுக் கம்ப்யூட்டரில் ஆஃபீஸ் உண்மையில் நிறுவப்பட்டிருக்கிறதா, பிரவுசரில் திறக்கிற எக்ஸெல்தானா என்று பாருங்கள். பிரவுசர் எக்ஸெலை இந்த வழியில் தொட முடியாது. மெயில் அனுப்பும் இடத்தில் மட்டும் பிழை வந்தால் காரணம் புது அவுட்லுக்காக இருக்கலாம். அதற்கு வெளி நிரல்கள் பேசும் இந்த இடைமுகம் கிடையாது, பழைய அவுட்லுக்தான் வேண்டும். உங்கள் நிரல் வின்டோஸின் பழைய நிரல் மொழியான விபி ஸ்கிரிப்டில் இருந்தால் அதையும் மெல்ல மாற்றிக்கொள்ளுங்கள். அதைக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023-லேயே அறிவித்துவிட்டது.

ராமேஸ்வரத்தில் லாட்ஜ். சென்ட்கீஸ் (விசைகளை நிரலே தட்டும் கட்டளை) வைத்து வாடகை ரசீதை நிரப்பிக்கொண்டிருந்தேன். நேற்று முழு ரசீதும் ஒரு வாடிக்கையாளரின் வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டது, சார்.

சென்ட்கீஸ் விசைகளைக் காற்றில் எறிகிறது. முன்னால் எந்த ஜன்னல் இருக்கிறதோ அதில் போய் விழும். எக்ஸெல், வேர்டு இரண்டுக்கும் நேராகப் பேசும் வழி இருக்கும்போது அதைத் தொடவே வேண்டாம். வேர்டில் ரசீதின் மாதிரி ஒன்றை வைத்து, பெயர், அறை எண், தொகை வர வேண்டிய இடங்களில் புக்மார்க் போட்டு, நிரலிலிருந்து அவற்றை நிரப்புங்கள். பிடிஎஃப் வேண்டுமானால் சேமிக்கும்போது வடிவ எண் 17.

ரிசப்ஷனில் யாராவது எக்ஸெல் கட்டத்தில் தட்டிக்கொண்டிருக்கும்போது உங்கள் நிரல் அதே எக்ஸெலைக் கூப்பிட்டால் -2147418111 என்று ஒரு பயங்கர எண் வரும். பயப்பட ஒன்றுமில்லை, "இப்போது முடியாது" என்கிறது, அவ்வளவுதான். இரண்டு விநாடி நின்று மறுபடி கேளுங்கள்.

தொண்டியிலிருந்து. 6,000 வரிசை, 8 பத்தி. ஏற்றி முடிவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

ஒவ்வொரு கட்டமாக எழுதுகிறீர்கள் இல்லையா? உங்கள் நிரலும் எக்ஸெலும் தனித்தனி ஓட்டம். ஒரு கட்டத்துக்கு ஒரு முறை அங்கே போய்வர வேண்டும். ஆக 48,000 நடை. அதுவும் ஒவ்வொரு நடையிலும், பெயரைச் சொல்லி முதலில் எண் கேட்டு, அந்த எண்ணை வைத்துத்தான் வேலை நடக்கும். 'ஐடிஸ்பாட்ச்' என்கிற இடைமுகத்தின் வழக்கம் அது. வல்லம் படகிலிருந்து மீனை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தால் எப்போது ஏலம் போடுவது? கூடையில் அள்ளுங்கள். முழுப் பட்டியலையும் இருபரிமாண அணியாக்கி, அதே அளவுள்ள 'ரேஞ்ச்'சின் 'வேல்யூ'வுக்கு ஒரே முறையில் கொடுங்கள். கண் மூடித் திறப்பதற்குள் முடியும்.

பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் அந்த வரி ஓடும்போதுதான் தெரியும் என்பதும் இதே காரணத்தால்தான். முன்கூட்டித் தெரிய வேண்டுமென்றால் பைதானில் 'ஜென்கேஷ்' மூலம் எக்ஸெலின் டைப் லைப்ரரியிலிருந்து (அதன் கட்டளைப் பெயர்களின் பட்டியல்) வகுப்புகளை உருவாக்கிக்கொள்ளுங்கள். மேல் நோக்கிப் போவதைக் குறிக்கும் 'எக்ஸ்எல் அப்' போன்ற பெயர்களும் அப்போதுதான் கிடைக்கும். இல்லாவிட்டால் -4162 என்று எண்ணையே எழுத வேண்டியதுதான். நான் சின்ன நிரலுக்கு எண்ணையே எழுதிவிடுவேன், பக்கத்தில் ஒரு குறிப்போடு.

கணக்கு மென்பொருளான டேலியையும் இப்படியே ஓட்டலாமா?

எக்ஸெல் மாதிரி இல்லை. டேலியை சர்வராக வைத்தால் வழக்கமாக 9000 என்ற போர்ட்டில் எக்ஸ்எம்எல் கோரிக்கைகளை வாங்கிக்கொள்ளும். வவுச்சரை ஏற்றவும் லெட்ஜரை எடுக்கவும் அது ஒரு வழி. முதலில் கணக்கின் நகல் ஒன்றை வைத்துப் பழகுங்கள்.