மங்கோலியப் பதக்கத்தின் எண் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மங்கோலியாவின் சோஷலிசக் காலப் பதக்கங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து எனக்கும் ஆசை வந்தது. இணைய ஏலத்தில் 'துருவ நட்சத்திர ஆர்டர்' என்ற அரசு விருதுப் பதக்கம் ஒன்றை வாங்கினேன். கூடவே ஒரு சின்னச் சான்றுப் புத்தகமும் வந்தது. 1961 ஜூலை என்று தேதி போட்டு, கையால் பெயர் எழுதியிருக்கிறார்கள். போனை வைத்துப் பெயரை வாசித்துவிட்டேன். ஆனால் பதக்கத்தின் பின்பக்கம் இருக்கும் எண்ணும் புத்தகத்தின் எண்ணும் ஒன்றாக இல்லை. விற்றவரிடம் கேட்டால், "எண் சின்னது, அதுதான் முக்கியம், புத்தகத்தைத் தூக்கிப் போடுங்கள்" என்கிறார். நான் ஏமாந்துவிட்டேனா? இந்த எண்ணை வைத்து அந்த மனிதரைக் கண்டுபிடிக்க முடியுமா?

இன்னொன்று. "அத்தனை பேரைக் கொன்ற ஆட்சி கொடுத்த தகடு, இதைப் போய்க் காசு கொடுத்து வாங்குறியே" என்று என் நண்பன் கேட்டான். அவனுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

கே.

அன்புள்ள கே.,

முதலில் ஒன்று: புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். விற்றவர் சொன்னதில் மிகத் தவறானது அதுதான். உங்கள் கடிதத்தில் இருந்த பெயரையும் ஊரையும் நான் இங்கே நீக்கிவிட்டேன். 1961ல் விருது வாங்கியவரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று இருப்பார்கள். அவர்களைக் கேட்காமல் பெயரைப் பொதுவில் போடுவது சரியில்லை.

எண்கள் பொருந்தவில்லை என்கிறீர்கள். எந்த எண்ணை எந்த எண்ணோடு ஒப்பிட்டீர்கள் என்று மறுபடி பாருங்கள். இப்படிப்பட்ட சான்றுகளில் புத்தகத்துக்கென்று அச்சடித்த எண் ஒன்றும், விருதின் எண் தனியாகவும் இருக்கலாம். விருதின் எண்ணைப் பெரும்பாலும் உள்ளே, பெயருக்கு அருகில், அதே கையெழுத்தில் எழுதியிருப்பார்கள். புதிதாகச் சேர்ப்பவர்கள் அந்த அச்சடித்த எண்ணைப் பார்த்துக் கலங்கிவிடுகிறார்கள். உள்ளே எழுதிய எண்ணும் பொருந்தவில்லை என்றால், இரண்டு வெவ்வேறு மனிதர்களின் பொருள்கள் வியாபாரியின் மேசையில் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன என்று பொருள். அப்படி நடப்பது அபூர்வமில்லை. சோவியத் உதவி நின்றுபோய்ப் பொருளாதாரம் சரிந்த 1990களின் தொடக்கத்தில், மங்கோலியாவில் உணவுக்கே பங்கீட்டு அட்டை வந்தது. அந்த வருடங்களில் பல வீடுகளிலிருந்து பதக்கங்கள் சந்தைக்குப் போயின. வெளிநாட்டுக்காரர் கேட்டது மின்னும் பொருளைத்தான். காகிதம் வீட்டிலேயே தங்கியது, அல்லது வழியில் வேறொரு பதக்கத்தோடு ஒட்டிக்கொண்டது.

அப்படியே இருந்தாலும் உங்களிடம் இருப்பது இரண்டு ஆவணங்கள். இரண்டையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள்.

அடுத்து, சின்ன எண் விஷயம். எண் மட்டும் தனியாக எதையும் சொல்லாது. துருவ நட்சத்திர ஆர்டர், மங்கோலியரின் அல்தான் கதாஸ், 1936ல் தொடங்கியது. பிறகு அதன் வடிவம் மாறியது. 1941ல் ரஷ்ய மொழியின் சிரிலிக் எழுத்துக்கு மாற முடிவெடுத்து, 1946ல் அதை அரசின் எழுத்தாக்கினார்கள். அதனால் மேலிருந்து கீழாக ஓடும் பழைய மங்கோலிய எழுத்து உள்ள பதக்கமா, சிரிலிக் உள்ளதா, பின்பக்கம் திருகாணியா ஊசியா என்பதையெல்லாம் பார்த்து, எந்த வகை என்று முடிவு செய்த பிறகுதான் எண்ணுக்கு வர வேண்டும். ஒரு வகையில் சின்ன எண் என்றால் அது அந்த வகையின் தொடக்க காலம். இன்னொரு வகையில் அதே எண்ணுக்கு வேறு பொருள். அதோடு, எண் வரிசையும் வழங்கிய தேதி வரிசையும் எப்போதும் ஒன்றாகப் போவதில்லை. நாணயச் சாலையிலிருந்து தொகுதி தொகுதியாக வந்தவை பெட்டிகளில் காத்திருக்கும், விழா வரும்போது கையில் கிடைத்த பெட்டியைத் திறப்பார்கள். அதனால் பக்கத்துப் பக்கத்து எண்களுக்கு நடுவே சில வருட இடைவெளி இருக்கலாம்.

சின்ன எண்ணுக்குச் சந்தையில் விலை அதிகம் என்பதால், பெரிய எண்ணைத் தேய்த்து அழித்துச் சின்ன எண் பொறிக்கும் வேலையும் நடக்கிறது. லென்ஸ் வைத்துப் பாருங்கள். பதக்கத்தைச் சாய்த்துப் பிடித்தால் ஒளி பின்பக்கத்தின் மேல் சீராக வழுக்கிப் போக வேண்டும். எண் இருக்கும் இடத்தில் மட்டும் மெல்லிய பள்ளம் தெரிந்தாலோ, அங்கே மட்டும் வெள்ளியின் பழைய கருமை இல்லாமல் இருந்தாலோ சந்தேகப்படலாம். எண் கையால் பொறித்ததா, அச்சு வைத்து அடித்ததா என்று பாருங்கள். அதே வகையின் மற்றப் படங்களோடு ஒப்பிடுங்கள். 4, 7 ஆகியவற்றின் வளைவு ஒவ்வொரு பொறிப்பாளருக்கும் ஒரு மாதிரி இருக்கும். எனாமல் உடைந்து பிசின் வைத்து நிரப்பியிருந்தால் புற ஊதா டார்ச் அடித்ததும் அந்த இடம் மட்டும் வேறு நிறத்தில் மினுங்கும். பாலிஷ் மட்டும் போட்டுவிடாதீர்கள், போட்டால் இந்தத் தடயங்கள் எல்லாம் போய்விடும்.

இனி அந்த மனிதரைத் தேடுவது. எனக்குப் பிடித்த வேலை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1961 ஜூலை என்ற தேதியிலேயே ஒரு கதை இருக்கிறது. மங்கோலியப் புரட்சி நடந்தது 1921 ஜூலையில், அதன் 40ஆம் ஆண்டு விழா 1961 ஜூலையில். அந்த அக்டோபரில்தான் மங்கோலியா ஐ.நா.வில் உறுப்பினரானது. நாடே தன்னை உலகத்துக்குக் காட்டிக்கொள்ளத் துடித்த வருடம் அது. அதற்குச் சற்று முன்பு, 1959க்குள், மேய்ப்பர்கள் ஏறக்குறைய எல்லாரையும் 'நெக்தெல்' என்ற கூட்டுறவுகளில் சேர்த்து முடித்திருந்தார்கள். ஆகவே உங்கள் பதக்கக்காரர் ஆண்டுவிழாப் பட்டியலில் வந்தவராக இருக்க வாய்ப்பு அதிகம். விருதுகளை அறிவித்தது மக்கள் பெரும் ஹூரலின் தலைமைக் குழு, அதாவது அவர்களின் நாடாளுமன்றத்தின் நிரந்தரக் குழு. 1954 முதல் 1972 வரை அதன் தலைவர் ஜம்ஸ்ராங்கீன் சாம்பு. புத்தகத்தில் தலைவரின் கையெழுத்தோ முத்திரையோ இருந்தால் அது சாம்புவோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால் புத்தகத்தைப் பற்றிய கவலை பெருமளவு தீரும். அப்புறம் அந்த மாதத்துக் கட்சிப் பத்திரிகை 'ஊனென்' இதழ்களில் தேடலாம், தலைநகர் உலான்பாதரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்கலாம். கேட்கும்போது எண், தேதி, பெயர், மாகாணம் நான்கையும் கொடுங்கள். எண்ணை மட்டும் கொடுத்தால் பதில் வருவது கடினம்.

பெயரில்தான் பெரிய சிக்கல். 1925ல் மங்கோலியாவில் குலப்பெயர்களைத் தடை செய்தார்கள். பிரபுக் குடும்பங்களின் அடையாளத்தை அழிப்பது நோக்கம். அதன்பின் எழுபது வருடங்களுக்கு மேல் ஒருவருக்கு இருந்தது அப்பா பெயரும் தன் பெயரும் மட்டும், நம்முடைய இனிஷியல் முறையைப் போல. தோர்ஜின் பத் என்று ஒருவரைத் தேடினால் அதே பெயரில் பலர் கிடைப்பார்கள். 1990களின் கடைசியில் குலப்பெயர் திரும்பி வந்தபோது பலருக்குத் தங்கள் பழைய குலம் எது என்றே தெரியவில்லை. நிறையப் பேர் செங்கிஸ்கானின் குலமான போர்ஜிகின் என்பதையே எடுத்துக்கொண்டார்கள். இன்று அந்தக் குடும்பம் எந்தக் குலப்பெயரோடு இருக்கிறது என்று உங்கள் புத்தகம் சொல்லப்போவதில்லை. பெயரை வைத்து மட்டும் ஆளை உறுதி செய்ய முடியாத ஒரு நாட்டில், "இந்தப் பெயருள்ள பலரில் இவர்தான்" என்று சுட்டிக்காட்டக்கூடிய மிகச் சில தடயங்களில் பதக்கத்தின் எண்ணும் ஒன்று. நான் எண் எண் என்று பிடிவாதம் பிடிப்பது அதனால்தான்.

சோவியத் ராணுவத்தினர் வாங்கிய மங்கோலிய விருதுகள் என்றால் தேடுவது எளிது. 1939ல் கல்கின் கோல் ஆற்றங்கரையில் ஜப்பானியப் படையோடு நடந்த போரில் விமானிகளும் டாங்கி வீரர்களும் போர்ச் சிவப்புக் கொடி ஆர்டர் வாங்கினார்கள். 1943 ஜனவரியில் மங்கோலிய மக்கள் திரட்டிய பணத்தில் 'புரட்சிகர மங்கோலியா' என்ற டாங்கிப் படையணியைச் சோவியத் செஞ்சேனைக்குக் கொடுத்தார்கள், அந்தப் படைப்பிரிவினருக்கும் விருதுகள் போயின. இவர்களின் சேவைப் பதிவுகளை மாஸ்கோவிலும் பொதோல்ஸ்கிலும் உள்ள ராணுவக் காப்பகங்களில் தேட வழி இருக்கிறது. சேகரிப்பாளர்கள் இவற்றின் பின்னால் ஓடுவதற்கும் விலை ஏறுவதற்கும் அதுதான் காரணம். பின்னாளில் புகழ்பெற்ற சோவியத் மார்ஷல் ஜுகோவ் கல்கின் கோலில் தளபதியாக இருந்தவர் என்பது அந்த மோகத்தை இன்னும் கூட்டுகிறது.

எனக்கு இதில் வருத்தம் உண்டு. மங்கோலிய விருதுகளைச் சேர்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு மங்கோலியரை விட்டுவிடுகிறார்கள். பனிக்காலத்தில் புல் கிடைக்காமல் மந்தை மந்தையாகக் கால்நடைகள் சாகும் 'ஜுட்' காலங்களில் குட்டிகளைக் காப்பாற்றிய மேய்ப்பருக்கும், மாகாணப் பள்ளி ஆசிரியைக்கும், லாரி ஓட்டுநருக்கும் கொடுத்த எண்ணிட்ட விருதுகள் ஒரு வேளைச் சாப்பாட்டு விலைக்கு விற்கின்றன, அவற்றை யாரும் பதிவுகூடச் செய்வதில்லை. 'புகழ்மிகு தாய்' ஆர்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1957ல் தொடங்கினார்கள். எட்டுக் குழந்தைகள் பெற்றவருக்கு முதல் வகுப்பு, ஐந்து பெற்றவருக்கு இரண்டாம் வகுப்பு. 1956 கணக்கெடுப்பில் அந்தப் பெரிய நாட்டில் மொத்தமே சுமார் 8.5 லட்சம் பேர். மக்கள்தொகையைக் கூட்டுவது அரசின் கொள்கையாக இருந்தது. 1989ல் அது 20 லட்சத்தைத் தாண்டியது. இந்த ஆர்டர்களின் எண்களையும் தேதிகளையும் பொறுமையாகச் சேர்த்து வரிசைப்படுத்தினால், அந்தக் கொள்கை எந்த வருடத்தில் எவ்வளவு வேகமாக ஓடியது என்பதைத் தாய்மார்களின் பக்கத்திலிருந்து பார்க்கலாம். இதற்குப் பெரிய பணம் வேண்டாம். ஏலத்தில் வரும் ஒவ்வொன்றின் எண்ணையும் எழுதி வைத்தாலே போதும், வாங்கக்கூட வேண்டாம்.

சரி, உங்கள் நண்பரின் கேள்வி. நியாயமான கேள்வி, அதைத் தட்டிக் கழிக்காதீர்கள். 1937 முதல் 1939 வரை சர்வாதிகாரி சொய்பல்சான் காலத்தில் கொல்லப்பட்டவர்களை வரலாற்றாளர்கள் 20,000 முதல் 35,000 வரை என்று கணக்கிடுகிறார்கள். அப்போதைய மக்கள்தொகையில் இது சில சதவீதம். பௌத்தத் துறவிகளான லாமாக்கள்தான் அதிகம். பிரதமராக இருந்த கெந்தெனை 1937 நவம்பரில் மாஸ்கோவில் சுட்டுக் கொன்றார்கள். அவர் வாழ்ந்த உலான்பாதர் வீட்டை அவருடைய மகள் செரென்துலாம் 1996ல் ஒடுக்குமுறையில் இறந்தவர்களுக்கான நினைவு அருங்காட்சியகமாக ஆக்கினார். 1940க்கு முந்தைய எண் ஒன்று உங்கள் கைக்கு வந்தால், அது சுட்டவனுடையதாகவும் இருக்கலாம், சுடப்பட்டவருடையதாகவும் இருக்கலாம். உலோகத்தைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. எண்ணைப் பிடித்துக்கொண்டு ஆவணத்துக்குப் போனால்தான் தெரியும். மேல்மட்டத்திலும் இதே கதைதான். முப்பது வருடங்களுக்கு மேல் நாட்டை ஆண்ட செதென்பாலின் விருதுகளையே 1990ல் பறித்தார்கள், அவர் இறந்து சில வருடங்கள் கழித்து, 1997ல், கௌரவத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அந்த ஆட்சியைப் புகழ நான் சேர்க்கவில்லை. சேர்ப்பவர்களில் சிலர் புகழவும் செய்கிறார்கள், அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தன் மக்களைப் பட்டியல் போட்டே கொன்ற, பட்டியல் போட்டே கௌரவித்த அரசு அது. அந்தப் பட்டியல்களில் ஒன்றின் ஒரு வரி உங்கள் கையில் இருக்கிறது. அதை வாசிக்க முயல்வது அந்த மனிதருக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன். நண்பரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவர் ஏற்காவிட்டாலும் பரவாயில்லை.

ஒரு வேளை குடும்பம் கிடைத்துவிட்டால், திருப்பிக் கொடுப்பதா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். முதல் கடிதத்தில் விலையைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். புத்தகத்தின் நல்ல பிரதி ஒன்றை அனுப்புங்கள், பல வீடுகளில் அந்தக் கையெழுத்துகூட இருக்காது. ரஷ்யாவிலிருந்து வாங்கும் எண்ணம் வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: சோவியத் அரசு விருதுகளைச் சட்டவிரோதமாக வாங்குவதும் விற்பதும் அங்கே குற்றவியல் சட்டத்தின் 324ஆம் பிரிவில் வரும்.

இப்போதைக்கு எனக்கு நான்கு படங்கள் வேண்டும்: முன்பக்கம், பின்பக்கம், எண் இருக்கும் இடம் மட்டும் பக்கவாட்டு வெளிச்சத்தில், புத்தகத்தின் உள்பக்கம். எந்த வகை என்பதையும் எண்ணில் யாராவது கைவைத்திருக்கிறார்களா என்பதையும் பார்த்து எழுதுகிறேன்.