"பொம்பளப் புள்ளைய காட்டுக்கா அனுப்புறீங்க?"

வணக்கம் அம்மா. மகளுக்கு மேட்டுப்பாளையத்தில் பி.எஸ்சி. (ஆனர்ஸ்) வனவியல் இடம் கிடைக்கும்போல இருக்கிறது, ஆனால் அவளுடைய பெரியப்பா தலைப்பில் இருக்கும் கேள்வியைக் கேட்டதிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை என்று எழுதியிருந்தீர்கள். ஆள் கிடைக்காமல் தரிசாகக் கிடக்கும் அவருடைய மூன்று ஏக்கரைப் பற்றியும் போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. அந்த வரிக்குக் கடைசியில் வருகிறேன்.

பெரியப்பா கேட்டதில் ஒரு சின்னப் பிசகு. வனவியல் படித்தவர்களுக்குக் கிடைக்கும் தனியார் வேலை பெரும்பாலும் காட்டில் இல்லை, வயக்காட்டில் இருக்கிறது. ஏன் என்று தெரிந்துகொள்ளக் கொஞ்சம் பழைய கதை வேண்டும். 1988-ல் வந்த தேசிய வனக் கொள்கை, ஆலைகள் தங்களுக்கு வேண்டிய மரத்தை அரசுக் காட்டை நம்பி இராமல், வளர்க்கக்கூடிய விவசாயிகளோடு நேரடியாகச் சேர்ந்து உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்றது. 1996 டிசம்பரில், காடுகளைக் காக்கக் கோரிய கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு, காட்டு மரம் வெட்டுவதை இன்னும் இறுக்கியது. அதன்பின் காகித ஆலைக்கும் பிளைவுட் ஆலைக்கும் தீக்குச்சித் தொழிலுக்கும் மரம் எங்கிருந்து வரும்? பட்டா நிலத்திலிருந்துதான். சவுக்கு, தைலமரம், மலைவேம்பு எல்லாம் இன்று பயிர்கள்தான், அறுவடைக்குச் சில ஆண்டுகள் பிடிக்கும் என்பது மட்டுமே வித்தியாசம்.

கரூர் காகிதபுரத்தில் இருக்கும் டி.என்.பி.எல்., அதாவது தமிழ்நாடு அரசின் காகித ஆலை, கரும்புச் சக்கையில் காகிதம் செய்யவே தொடங்கப்பட்டது. ஆனாலும் அதற்கு மரக்கூழும் வேண்டும். பள்ளிபாளையத்தில் இருக்கும் சேஷசாயி காகித ஆலைக்கும் அப்படியே. இந்த மாதிரி ஆலைகளில் தோட்டப் பிரிவு என்று ஒன்று இருக்கும். உங்கள் மகள் அங்கே சேர்ந்தால் அவளுடைய நாள் எப்படிப் போகும் என்பதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் யாரும் சொல்வதில்லை.

காலையில் வண்டி எடுத்துக்கொண்டு ஏதோ ஒரு ஊருக்குப் போக வேண்டும். நிலத்தைப் பார்த்து, மண்ணைப் பார்த்து, தண்ணீர் எவ்வளவு என்று கேட்டு, எந்தக் குளோன் நாற்று (நல்ல தாய்மரத்தின் கிளைத்துண்டிலிருந்து அதே குணத்தோடு வளர்த்தெடுத்த நாற்று) இங்கே எடுபடும் என்று முடிவு செய்ய வேண்டும். சில வருஷம் பணத்தை மண்ணில் போட்டுவிட்டுக் காத்திருக்கச் சொன்னால் எந்த விவசாயியும் முதல் பேச்சில் சரி என்று சொல்ல மாட்டார். "வெட்டும்போது என்ன விலை இருக்கும்?" என்பார். பொய் சொல்லாமல் அதற்குப் பதில் சொல்லத் தெரிய வேண்டும். நட்டபின் அவ்வப்போது போய், நெஞ்சுயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.37 மீட்டரில், மரத்தின் சுற்றளவை அளந்து எத்தனை டன் தேறும் என்று கணக்கிட வேண்டும். வெட்டு முடிந்து லாரி ஆலைக்குப் போனால் அங்கே வேறு கதை. பச்சை மரம் நாளாக நாளாக எடை குறையும். லாரி வாசலில் இரண்டு நாள் காத்து நின்றால் நட்டம் விவசாயிக்கு. பட்டை உரித்ததா, உரிக்காததா என்று எடைமேடையில் ஒரு வாக்குவாதம் நடக்கும். இரண்டு பக்கமும் கோபமாக இருக்கும்போது நடுவில் நிற்கிறவர்தான் வனவியல் பட்டதாரி. இந்தச் சாமர்த்தியம் தேர்வுத்தாளில் வராது.

இதைப் படித்ததும் உங்களுக்குப் பயம் கூடியிருக்கலாம். மகளிடம் படிக்கக் கொடுங்கள். அவள் முகம் மலர்ந்தால் அது ஒரு பதில்.

அரசு வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதைப் பற்றிக் கோச்சிங் சென்டர்காரர்களே போதுமான அளவு பேசுகிறார்கள். ஐ.எஃப்.எஸ்., அதாவது இந்திய வனப் பணித் தேர்வை யு.பி.எஸ்.சி. நடத்துகிறது. முதல்நிலைத் தேர்வு ஐ.ஏ.எஸ்.க்கும் இதற்கும் ஒன்றே. கடைசியில் பெண்களுக்கு 4 மணி நேரத்தில் 14 கிலோமீட்டர் நடைத் தேர்வு உண்டு. மாநில அளவில் உதவி வனப்பாதுகாவலர், வனத்தொழில் பழகுநர் பணிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. ஆள் எடுக்கிறது. இவற்றுக்கு ஆண்டுதோறும் அறிவிப்பு வரும் என்று நம்பி வாழ்க்கையை அமைத்துக்கொள்ளக் கூடாது. முயற்சி செய்யட்டும், ஆனால் அது மட்டுமே வழி என்று வேண்டாம். மேலே படிக்க டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனமும், வன மேலாண்மைக்குப் போபாலில் இந்திய வன மேலாண்மை நிறுவனமும் (ஐ.ஐ.எஃப்.எம்.) இருக்கின்றன.

இன்னொரு வகை வேலை இருக்கிறது. அதற்கு இன்னும் ஒரு நல்ல தமிழ்ப் பெயர் அமையவில்லை. துறைக்காகப் பேசுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். மரம் வளர்க்கிற தொழில் முழுக்கச் சட்டத்தின் நிழலில் நடக்கிறது. சந்தன மரத்தைச் சொந்த நிலத்திலேயே நினைத்தபோது வெட்டிவிட முடியாது. 1927-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம் மூங்கிலை மரம் என்று வரையறுத்திருந்தது. வெளியே வைரம் பாய்ந்தது, அதாவது கெட்டிப்பட்டது புல், உள்ளே வைரம் பாய்ந்தது மரம் என்று நம் பழைய இலக்கணமே பிரித்து வைத்திருக்கிறது, ஆனால் சட்டத்துக்கு அது எட்டவில்லை. காட்டுக்கு வெளியே தன் நிலத்தில் மூங்கில் வளர்த்தவர்கள்கூட வெட்டவும் ஏற்றவும் அனுமதிச் சீட்டுக்கு அலைந்தார்கள். 2017-ல்தான் அந்த வரையறையிலிருந்து மூங்கில் என்ற சொல் நீக்கப்பட்டது. ஒரு சொல்லை எடுக்கத் தொண்ணூறு வருஷம்! அலுவலகத்துக்கு அலுவலகம் மனு கொடுத்து, கணக்கு காட்டி, விடாமல் பேச ஆள் வேண்டும். மரம் வளர்ப்போர், மர வியாபாரிகள், அறுவை மில்காரர்கள் ஆகியோருக்காக அரசிடம் பேசுகிறவருக்கு நிலமும் தெரிய வேண்டும், சட்டமும் தெரிய வேண்டும், தமிழில் தெளிவாக எழுதவும் வர வேண்டும். மூன்றும் சேர்ந்தவர்கள் குறைவு. உங்கள் மகள் பள்ளியில் பேச்சுப்போட்டிக்குப் போகிறவள் என்று எழுதியிருந்தீர்கள், அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

மாநில அரசின் பசுமைத் தமிழகம் இயக்கம் 2022-ல் தொடங்கியபோது, மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்குவது என்று இலக்கு வைத்தார்கள். காட்டுக்குள் மட்டும் நட்டு அந்தக் கணக்கு நேராகாது. நாற்றங்கால், விவசாயி, பயிற்சி, அளவெடுப்பு என்று எல்லாவற்றுக்கும் படித்த ஆள் தேவைப்படும். இதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அறிவிக்கும் வேகத்தில் பணியிடம் வராது என்பது உங்களுக்கே தெரியும்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். தொடக்கச் சம்பளம் ஐ.டி.யில் சேரும் தோழியோடு ஒப்பிட்டால் கசக்கும். வெளிநாட்டிலிருந்து மலிவாகக் கூழும் மரமும் வந்து இறங்கினால் உள்ளூர் விலை சரியும், தோட்டப் பிரிவில் ஆள் எடுப்பதும் அப்போது நின்றுவிடும். வெயில் உண்டு, பாம்பு உண்டு, தனியாக வண்டி ஓட்ட வேண்டியதும் உண்டு. ஏ.சி. அறையே வேண்டும் என்கிற பிள்ளைக்கு இது சரிவராது. அதற்காக அந்தப் பிள்ளையைக் குறை சொல்லவும் முடியாது.

இதற்கு நீட் தேவையில்லை. பிளஸ் 2 மதிப்பெண்ணை வைத்து வேளாண் பல்கலைக்கழகம்தான் தரவரிசை போட்டுக் கலந்தாய்வு நடத்துகிறது. விருப்பப் பட்டியலில் வேளாண்மைக்குக் கீழே, கிடைத்தால் கிடைக்கட்டும் என்று வனவியலைப் போடுகிறவர்கள் ஏராளம். அப்படி வந்து சேர்ந்து, நாலு வருஷமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே படித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மகள் மேலே போட்டாலும் கீழே போட்டாலும் தெரிந்து போடட்டும்.

கலந்தாய்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு காரியம் செய்யுங்கள். பெரியப்பாவின் அந்த மூன்று ஏக்கருக்கு மகளை அவரோடேயே அனுப்புங்கள். சவுக்கு நட்டால் எத்தனை நாற்று பிடிக்கும், எங்கே வாங்குவது, தண்ணீருக்கு என்ன வழி, எந்த ஆலைக்கு விற்கலாம், லாரி வாடகை போகக் கையில் என்ன நிற்கும் என்று அக்கம்பக்கத்தில் மரம் வளர்ப்பவர்களிடம் விசாரித்து ஒரு நோட்டில் கணக்குப் போடட்டும். ஒரு வாரம் போதும். கணக்குப் போட்டுக் கொடுத்தால் அவரே எதிர்க்கேள்வி கேட்பார், அவளும் பதில் தேடுவாள். அந்த நோட்டை எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசலாம்.