இங்கிலாந்தில் 'பழைய கவுண்டி எல்லைகளை மீட்போம்' என்கிறார்களே, அதன் பொருள் என்ன?

கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் போன்றது. வயதுதான் பல நூற்றாண்டுகள். 1974 ஏப்ரல் 1 முதல் நிர்வாக வசதிக்காக எல்லைகள் மாறின. யார்க்‌ஷயர் துண்டு துண்டானது. குட்டி ரட்லாந்து லெஸ்டர்ஷயருக்குள் கரைந்தது. மக்களின் பற்று மட்டும் வரைபடத்தோடு நகரவில்லை. 1974க்கு முந்தைய எல்லைகளே திரும்ப வேண்டும் என்பதுதான் இந்த முழக்கத்தின் பொருள். வாடகை வீடு மாறினால் முகவரி மாறும். சொந்த ஊர் மாறுமா?

யார்க்‌ஷயர் கிரிக்கெட் அணி, அரிதான விதிவிலக்குகள் தவிர, பழைய எல்லைக்குள் பிறந்தவர்களையே நெடுங்காலம் சேர்த்தது. 1992இல் அங்கே நுழைந்த முதல் வெளிநாட்டு வீரர் யார் தெரியுமா? நம் சச்சின்தான்! ரட்லாந்தோ 1997இல் தனி நிர்வாகத்தைத் திரும்பப் பெற்றுவிட்டது.

1974 மாற்றம் பழைய கவுண்டிகளையே ஒழித்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். மாறியவை உள்ளாட்சி எல்லைகள் மட்டுமே என்பதுதான் அன்றைய அரசின் விளக்கம்.